முதல் பனியில் பறவைப் படம்: பனி சாம்பலாக, பறவை கறுப்பாக வருகிறது

சிட்டுப்பித்தன்:
வணக்கம். முதல் பனி விழுந்ததிலிருந்து விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். இலை உதிர்ந்துவிட்டதால் பறவைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன, ஆனால் படத்தில் பனி அழுக்குச் சாம்பலாகவும் பறவை வெறும் நிழலாகவும் விழுகிறது. பனி கொட்டும்போது ஃபோகஸ் பறவைமேல் நிற்பதே இல்லை. 400 மிமீ லென்ஸ், கையில் பிடித்துத்தான் எடுக்கிறேன். அப்புறம், கிட்டப் போனால் பறந்துவிடுகின்றன. எவ்வளவு நெருங்கலாம்?

நீள்சிறகு:
கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. எதைக் காட்டினாலும் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். சட்டகம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டிக் குறைத்துவிடும், அதோடு பறவையும் இருண்டுபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 முதல் +2 வரை ஏற்றி ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தைக் காட்டும் வரைபடம் அது. மேடு வலப்பக்கம் ஒதுங்கி இருக்க வேண்டும், ஓரத்தில் போய் முட்டக்கூடாது. முட்டினால் பனியின் நெளிவும் வெள்ளை இறகின் வரிகளும் போச்சு, பிறகு மீட்கவே முடியாது.

வெளிச்சம் மாறாத நாளில் நான் முழு மேனுவலில்தான் எடுப்பேன், எல்லா அளவையும் நானே வைப்பேன், ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறன் உட்பட. பனிக்கு முன்னால் இருந்த பறவை இருண்ட மரங்களுக்கு முன்னால் பறந்து போனாலும் அதன்மேல் விழும் வெளிச்சம் அதேதானே, ஆட்டோ மட்டும் பின்னணியைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும். ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள், நிழலில் பனி நீலம் பூசி வருவதைப் பிறகு சரிசெய்யலாம். பனியில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது: கீழிருந்து வெளிச்சம் எதிரொளிப்பதால், மற்ற காலங்களில் இருட்டாகவே வரும் வயிறும் சிறகின் அடிப்பக்கமும் இறகு இறகாகத் தெரியும்.

கடைசிக்கிளை:
ஃபோகஸ் பற்றி. எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்துவிட்டால் அது முன்னால் விழும் பனித்துகளைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியோ சின்னக் குழுவோ போதும், பறவையின் கண்ணில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல் போனால் துகள்கள் புள்ளியாக உறையும், 1/125 பக்கம் இறக்கினால் கோடாக நீளும், ஆனால் அதற்குப் பறவை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், லென்ஸையும் எதன்மேலாவது சாய்த்துக்கொள்ள வேண்டும். காரிலிருந்து எடுத்தால் ஹீட்டரை முன்பே அணைத்துவிடுங்கள், ஜன்னல் வழியே வெளியேறும் சூடான காற்று படத்தையே கலக்கிவிடும். உபரி பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் படுத்துவிடும்.

காட்டுவாசி:
எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு மீட்டர் கணக்குச் சொல்ல மாட்டேன், பறவையே சொல்லும். கொத்துவதை நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறதா, உப்பியிருந்த இறகுகள் உடம்போடு ஒட்டிவிட்டனவா? அங்கேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் நாலடி பின்வாங்குங்கள். அது உப்பி உட்கார்ந்திருப்பது இறகுகளுக்கு இடையே காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்க. வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடி என்ற சின்னப் பறவை கடுங்குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தையே சுமார் 10 டிகிரி குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிறது, பகலில் சேர்த்த கொழுப்புத்தான் அதற்கு விடியும் வரை எரிபொருள். பகலோ குறுகியது. அந்த நேரத்தில் நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு பறத்தலும் அதன் சேமிப்பிலிருந்துதான் போகிறது. அடையப்போகும் கடைசி நேரத்தில் நான் எந்தப் பறவையையும் பின்தொடர்வதில்லை.

துரத்துவதைவிட, பழம் மிச்சமிருக்கும் மரத்தைக் கண்டுபிடித்துத் தள்ளி உட்காருங்கள். வேக்ஸ்விங் என்ற பழந்தின்னிப் பறவைகளின் கூட்டம் ஒரு மரத்துக்கு வந்துவிட்டால் பழம் தீரும்வரை திரும்பத் திரும்ப வரும். அலகில் சிவப்புப் பழத்தைப் பிடித்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து விழுங்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கலாம். உறைந்துவரும் ஏரியில் கடைசியாகத் திறந்திருக்கும் தண்ணீரும் நல்ல இடம், வாத்துகளெல்லாம் அங்கேதான் நெருங்கி நிற்கும். ஆந்தையை வரவழைக்க எலி போடுபவர்களோடு மட்டும் சேராதீர்கள்.

சிட்டுப்பித்தன்:
ரொம்ப நன்றி. நாளைக்கே மேனுவலில் எடுத்துப் பார்க்கிறேன், பழ மரம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க ஈரம் படிகிறதே, அதற்கு என்ன செய்வது?

கடைசிக்கிளை:
வெளியிலேயே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஈரம் பையின்மேல் படியும். அறையின் சூட்டுக்கு வரும்வரை திறக்க வேண்டாம், மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.