சிபில் அறிக்கையில் யாரோ வாங்கிய பைக் கடன், என்ன செய்வது?

தேன்பெட்டி, அருமனை:
வணக்கம். ரப்பர் தோட்டங்களில் தேன் பெட்டி வைத்துப் பிழைக்கிறோம். கூடுதலாகப் பெட்டி வாங்க வங்கியில் 2 லட்சம் கேட்டேன். "சிபில் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் வாங்கியது ஒரே ஒரு நகைக்கடன், அதையும் அடைத்து நகையை மீட்டாயிற்று. என்னைப் பற்றி அவர்களிடம் என்ன இருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா? பார்த்தால் ஸ்கோர் குறையும் என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர் 5,000 ரூபாய்க்குச் சரி செய்து தருகிறாராம். ரப்பர் தளிர் விடும் முன் பெட்டி வந்தாக வேண்டும்.

பழைய கேஷியர், தக்கலை:
தம்பி, அந்த ஆளிடம் பணமும் கொடுக்க வேண்டாம், ஓடிபியும் சொல்ல வேண்டாம். நாம் பொதுவாகச் சிபில் என்கிறோம், ஆனால் நம் கடன் விவரங்களைத் திரட்டி வங்கிகளுக்குத் தரும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அவரவர் இணையதளத்திலேயே கேளுங்கள், காசு கேட்கும் திட்டங்களைத் தொடாதீர்கள். நம் அறிக்கையை நாம் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நான்கையும் எடுங்கள்.

தேன்பெட்டி, அருமனை:
அண்ணாச்சி, மூன்று கிடைத்துவிட்டது. மூன்றிலும் நகைக்கடன் மட்டும்தான், முடிந்ததாகவே இருக்கிறது. நான்காவதில் ஓடிபி என் பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம் இப்போது இல்லை.

நித்திரவிளை அக்கா:
தம்பி, கடன் மறுத்த வங்கிக்கே எழுதிக் கேளுங்கள். 2005 கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, உங்களைப் பற்றி அவர்கள் வாங்கிய தகவலின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் சொன்னால் நடக்காது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல் போட்டு வாங்கி வையுங்கள். என் வீட்டுக்காரர் ஜாமீன் போட்ட கடன் அவர் அறிக்கையில் ஏறிக் கிடந்ததை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

தேன்பெட்டி, அருமனை:
அக்கா, நகல் வந்துவிட்டது! எனக்குக் கிடைக்காத அந்த நான்காவது நிறுவனத்தின் அறிக்கைதான். அதில் ஒரு பைக் கடன், மூன்று தவணை பாக்கி. பெயரும் இனிஷியலும் என்னுடையதுதான், பிறந்த தேதியும் அதேதான். ஆனால் முகவரி சேலம். இரண்டு மொபைல் நம்பர், இரண்டும் எனக்குத் தெரியாதவை. வாக்காளர் அட்டை எண்ணும் வேறு. என் பேரில் யாராவது வாங்கிவிட்டார்களோ என்று ராத்திரி தூக்கமே இல்லை.

பழைய கேஷியர், தக்கலை:
பயப்படாதீர்கள். உங்கள் பான் எண்ணை வைத்து யாராவது வாங்கியிருந்தால் பெரும்பாலும் நான்கிலும் ஏறியிருக்கும். மூன்று சுத்தமாக இருக்கிறது என்றால், அந்த ஒரு இடத்தில் இரண்டு ஆட்களின் பதிவு ஒட்டிக்கொண்டதாகவே தெரிகிறது. நம் பக்கம் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். அந்த நிறுவனத்துக்குப் பான், ஆதார் நகலோடு எழுதுங்கள். கடன் மட்டுமல்ல, சேலம் முகவரி, இரண்டு நம்பர், வாக்காளர் எண் எல்லாம் என்னுடையவை அல்ல என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இவை அப்படியே கிடந்தால் அடுத்த தடவையும் ஒட்டும். புதிய மொபைல் நம்பரையும் சேர்க்கச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறை. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், இருக்கிறார், 14448க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

தேன்பெட்டி, அருமனை:
26ஆம் நாள் மின்னஞ்சல் வந்தது. பைக் கடன் போய்விட்டது, முகவரியும் போய்விட்டது. ஒரு மொபைல் நம்பர் மட்டும் இன்னும் நிற்கிறது, அதற்கு மறுபடி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை புது அறிக்கையோடு வங்கிக்குப் போகிறேன். அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. முதல் தேன் எடுத்ததும் இரண்டு வீட்டுக்கும் குப்பி வரும்.