எச்ஆர்வியை ஃபர்னஸ் டக்ட்டில கொழுவுறதா, தனிக் குழாய் இழுக்கிறதா?

வன்னிக்காற்று
வணக்கம். ஸ்காபரோவில 1960களில கட்டின, மேல்மாடி இல்லாத பங்களா எங்கட வீடு. யன்னல் மாத்தி, அட்டிக்குக்கு இன்சுலேஷனும் போட்டாச்சு. அதுக்குப் பிறகு வீட்டுக்குள்ள காத்து அடைஞ்சுபோய்க் கிடக்கு. ஜனவரியில யன்னலடியில தண்ணி வடியுது, விடிய எழும்பினால் தலையிடி. வெளிய போற பழைய காத்தின்ர சூட்டை உள்ள வாற புதுக்காத்துக்குக் குடுக்கிற எச்ஆர்வி பெட்டி போடுறதெண்டு முடிவெடுத்திட்டம். ஒரு கொன்ட்ராக்டர் அதை, வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸுக்கு அறைக்காத்தைத் திரும்பக் கொண்டுபோற ரிட்டர்ன் டக்ட்டில கொழுவினால் போதும் எண்டுறார். மற்றவர் தனிக் குழாய்தான் எண்டுறார், ஆனால் விலை கனக்கக் கூட. பேஸ்மென்ட் சீலிங் இப்ப திறந்து கிடக்கு. எது நல்லது?

ஓஷவா_ராசன்
தம்பி, காசைக் கொட்டாதேங்கோ. எல்லா அறைக்கும் டக்ட் ஏற்கெனவே போயிருக்கு. இன்னொரு காரணமும் இருக்கு. வெளிய மைனஸ் 20, உள்ள 22 எண்டு வையுங்கோ. 70 வீதம் சூட்டை மீட்கிற பெட்டியில இருந்து வாற காத்து 9 பாகையளவிலதான் இருக்கும். தனிக் குழாயில அது நேரா படுக்கையறைக்குள்ள இறங்கும். பிள்ளையின்ர கட்டிலுக்கு மேல 9 பாகைக் காத்து வேணுமோ? ரிட்டர்ன் டக்ட்டில விட்டால் அந்த 70 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு 70 கன அடி) புதுக்காத்து, ஃபர்னஸ் விசிறி சுத்துற 1000 சிஎஃப்எம்மோட கலந்து 21 பாகையாப் போகும். ஒருத்தருக்கும் குளிராது.

மேப்பிள்மகள்
ராசன் அண்ணா, உங்கட கணக்குப் பிழையில்லை. ஆனால் அது விசிறி ஓடுற நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஒக்டோபர் இரவை எடுங்கோ. வெளிய 12 பாகை. ஃபர்னஸ் மணிக்கணக்கா ஓடாது. கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு பேர் எட்டு மணித்தியாலம் படுத்திருக்கினம். அப்ப எச்ஆர்வி தள்ளுற காத்து ரிட்டர்ன் டக்ட்டுக்குள்ளேயே நிக்கும். பழைய காத்தை எடுக்கிற வாயும் அதே டக்ட்டில இருந்தால் இன்னும் மோசம்: புதுக்காத்து அறைப் பக்கமே போகாமல் திரும்ப வெளிய போயிடும். பெட்டி ஓடும், கரண்ட் எரியும், தலையிடி அப்படியே இருக்கும்.

ஓஷவா_ராசன்
அதுக்குத்தானே ரெண்டையும் சேர்த்து வயர் பண்ணுறது? எச்ஆர்வி ஓடேக்க விசிறியும் மெல்ல ஓடும்.

மேப்பிள்மகள்
எந்த மோட்டர் எண்டதைப் பொறுத்தது அது. பழைய ஃபர்னஸ் விசிறி 400 வாட் இழுக்கும். வருசம் முழுக்க ஓடினால் 3500 யூனிட். 60 வாட் பெட்டியைக் காப்பாத்த 400 வாட் விசிறி! வேகத்தை மாத்தக்கூடிய, கரண்ட் குறைய இழுக்கிற புது ஈசிஎம் மோட்டர் குறைஞ்ச வேகத்தில 80 வாட் அளவு. 700 யூனிட்டோட முடியும். வன்னிக்காற்று, கையெழுத்து வைக்க முதல் உங்கட ஃபர்னஸில எது இருக்கெண்டு பாருங்கோ.

கரண்டை விடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு. உங்கட டக்ட்டுகளின்ர அளவைத் தீர்மானிச்சது யன்னலும் வெளிச்சுவரும்தான். பெரிய யன்னல் உள்ள ஹோலுக்குக் கூடக் காத்து, சின்னப் படுக்கையறைக்குக் கொஞ்சம். சூட்டுக்கு அது சரி. மூச்சுக்கு அப்படியே தலைகீழ்: இரவில ஹோலில ஒருத்தரும் இல்லை, எல்லாரும் அந்தச் சின்ன அறைகளுக்குள்ள. ஒரே டக்ட் ரெண்டு கணக்கையும் தீர்க்காது.

கோவை_ஒட்டாவா
நான் ஒண்ணு கேக்கறேன். சேர்க்கறதுன்னா ஏன் முழுசா சேர்க்கக் கூடாது? ஜெர்மனியில சூடு வெளிய போகாம இறுக்கமா கட்டற பாசிவ் ஹவுஸ்ல புதுக்காத்தையே சூடாக்கி அனுப்பறாங்க. தனி ஃபர்னஸே வேண்டாம். வழி காட்டினதே நம்ம ரெஜைனாவுல 1977ல கட்டின சஸ்கச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ்தானே? அங்க இருக்கற குளிருக்கே அந்த வீட்டுக்கு ஃபர்னஸ் தேவைப்படல.

மேப்பிள்மகள்
நல்ல கேள்வி. ஒரு ஆளுக்கு மணிக்கு 30 கன மீற்றர் புதுக்காத்து, 30 சதுர மீற்றர் இடம் எண்டு எடுங்கோ. அந்தக் காத்தை 50 பாகைக்கு மேல சூடாக்கக் கூடாது, தூசி கருகி மணக்கும். அப்ப அது கொண்டுவரக்கூடிய சூடு சதுர மீற்றருக்கு 10 வாட் அளவுதான். பாசிவ் ஹவுஸ் அந்த 10 வாட்டுக்குள்ள நிக்கிற மாதிரிக் கட்டினது. 1960களின்ர பங்களாவுக்கு, யன்னல் மாத்தினாலும், கடுங்குளிரில அதைப் போலப் பல மடங்கு வேணும். சூட்டுக்காகப் புதுக்காத்தைக் கூட்டினால் வீடு வறண்டுபோய்த் தோல் வெடிக்கும்.

கோவை_ஒட்டாவா
புரியுது. அப்ப முழுசா சேர்க்கறது புது வீட்டுக்குத்தான், அதுவும் காத்து கசியாம கட்டினா. ஆனா ராசன் அண்ணன் சொன்ன 9 டிகிரிக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே?

மேப்பிள்மகள்
சொல்லுறன். 85 வீதம் மீட்கிற பெட்டி எடுத்தால் அதே மைனஸ் 20இல 15, 16 பாகையில வரும். காத்து விடுற வாயைக் கட்டிலுக்கு மேல வைக்காமல், சுவரில உயரத்தில, ஆள் இல்லாத பக்கமா வைக்க வேணும். ஆனாலும் மலிவான பெட்டியோட தனிக் குழாய் எண்டால் அண்ணா சொல்லுறதுதான் நடக்கும், குளிரும். அதை நான் மறுக்கேல்லை.

வன்னிக்காற்று
ஃபர்னஸில ஈசிஎம் மோட்டர்தான், பார்த்திட்டன். இன்னொண்டு: எங்கட குசினியில மீன் பொரிச்சால், தாளிச்சால் மணம் வீடு முழுக்கப் போகுது. விசிறி எப்பவும் ஓடினால் அந்த மணம் இன்னும் கூடாதோ?

ஓஷவா_ராசன்
கூடும், உண்மைதான். ஆனால் தனிக் குழாய் போட்டாலும் ஃபர்னஸ் ஓடேக்க மணம் சுத்தத்தானே போகுது? அடுப்புக்கு மேல வெளிய தள்ளுற ஹூட்தான் அதுக்கு மருந்து. ஆரும் ஹூட்டை எச்ஆர்வியோட கொழுவச் சொன்னால் விடாதேங்கோ, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே சூட்டை மாத்திக்குடுக்கிற கோரை அடைச்சுப்போடும்.

தம்பி, ஈசிஎம் எண்டால் என்ர பேச்சில மாற்றமில்லை. ஒண்டு மட்டும் செய்யுங்கோ: பழைய காத்தை ரிட்டர்னில இருந்து எடுக்காமல் குளியலறையில இருந்து குழாய் இழுத்து எடுங்கோ. ஈரம் பிறக்கிற இடத்திலேயே போயிடும்.

மேப்பிள்மகள்
குளியலறை விசயத்தில ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து. புதுக்காத்து விடுற பக்கத்தில நான் விட்டுக்குடுக்க மாட்டன். விசிறி வேகம் மாறேக்க ரிட்டர்ன் டக்ட்டின்ர உறிஞ்சலும் மாறும். ஒரு வேகத்தில சரிபார்த்த எச்ஆர்வி மற்ற வேகத்தில உள்ள கூட, வெளிய குறையத் தள்ளும். அந்த மேலதிகக் காத்து வீட்டு ஈரத்தோட சுவருக்குள்ள போய்க் குளிர்ந்து தண்ணியாகும். ராசன் அண்ணா சொல்லுற மாதிரிச் செய்யிறதெண்டால், ரெண்டு வேகத்திலயும் அளந்து காட்டச் சொல்லுங்கோ, எண்களை எழுத்தில வாங்குங்கோ.

உங்கட வீடு பங்களா. சீலிங் திறந்து கிடக்கேக்க படுக்கையறை ஒவ்வொண்டுக்கும் கீழால ஒரு குழாயும், உள்சுவர் வழியா மேல ஏற வழியும் விட்டுவையுங்கோ. இப்ப கொழுவாட்டிலும் பரவாயில்லை, முனையை மூடி அடையாளம் போட்டு விடலாம். ட்ரைவோல் பலகை அடிச்சு மூடினாப் பிறகு அதே வேலைக்குச் சீலிங்கைத் திரும்ப உடைக்க வேணும்.

ஓஷவா_ராசன்
குழாய் விட்டுவைக்கிறதில எனக்கு மறுப்பில்லை தம்பி, அதுக்குப் பெரிய செலவுமில்லை. ஆனால் ஒரு குளிர்காலம் என்ர முறையில ஓட்டிப் பாருங்கோ. யன்னலில தண்ணி வடியிறது நிண்டிட்டால், விடியத் தலையிடி இல்லையெண்டால், அந்தக் குழாயள் மூடினபடியே கிடக்கட்டும்.