சிபிஎல் முடிச்சாச்சு, பெரிய கார்கோ எயார்லைன்ல பைலட்டா போக வழி என்ன?

தெகிவளைப் பொடியன்:
அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ரத்மலானைல சிபிஎல் (கொமர்ஷியல் பைலட் லைசன்ஸ்) முடிச்சிட்டன், மல்டி எஞ்சினும் ஐஆரும் (வெளிய பாக்காம கருவியளப் பாத்துப் பறக்கிற தகுதி) எடுத்தாச்சு, லொக்புக்ல இருநூறு சொச்சம் மணித்தியாலம் கிடக்கு. பயணிகள் விமானத்தில எனக்கு அவ்வளவு ஆசை இல்ல, ஃபெடெக்ஸ், யூபிஎஸ், டிஎச்எல், கார்கோலக்ஸ் மாதிரி ஒரு இடத்திலதான் சேரோணும் எண்டு ஸ்கூல் காலத்தில இருந்தே நினைப்பு. அப்பா காணி உறுதிய ஈடு வச்சுத்தான் படிப்பிச்சவர், அதால சும்மா இருக்க ஏலாது. நேரா அப்ளை பண்ணலாமா, இல்லாட்டி அமெரிக்கா போய் அவங்கட லைசன்ஸ் எடுத்தா வேலை கிடைக்குமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ ப்ளீஸ்.

வளைகுடாக் காகம்:
தம்பி, மணித்தியாலத்துக்கு முதல் உங்கட பாஸ்போட்டத்தான் பாப்பாங்கள். ஃபெடெக்ஸ், யூபிஎஸ் ரெண்டுக்கும் அமெரிக்காவில வேலை செய்யிற உரிமை ஏற்கனவே கையில இருக்கோணும், விசா எடுத்துக் குடுத்துக் கூப்பிடுற ஆக்கள் இல்ல அவை. சரி கிரீன்கார்ட் இருக்கு எண்டே வைப்பம், ஏடிபி (எயார்லைன்ல பறக்கிறதுக்கான மேல்மட்ட லைசன்ஸ்) வேணும், அதுக்கு பொதுவா 23 வயசு, 1500 மணித்தியாலம். நம்மட லைசன்ஸ காட்டினா ஏடிபியா மாத்திக் குடுக்கவும் மாட்டாங்கள், எழுத்துச் சோதனை, செக்ரைட் (பறந்து காட்டுற சோதனை) எல்லாம் அங்க செய்யோணும். அந்த 1500 கூட கேட்டுக்கு வெளிய நிக்கிறதுக்குத்தான், உள்ள போறவை ரீஜனல் (கிட்ட ஊருகளுக்குப் பறக்கிற சின்ன) ஜெட்லயோ எயார்போர்ஸ்லயோ கனகாலம் பறந்திட்டு வாறவை. போய்ச் சேந்திட்டா லேசில விடமாட்டினம், ஏனெண்டா எந்த விமானம், எந்த பேஸ் (எந்த ஊர்ல இருந்து பறக்கிறது), எப்ப கப்டன் எல்லாமே சேந்த திகதிப்படி வாற சீனியொரிட்டி நம்பர்தான், வேற கொம்பனிக்கு மாறினா திரும்ப அடியில இருந்து தொடங்கோணும்.

கார்கோ எண்டா எப்பவும் ஆள் எடுப்பாங்கள் எண்டும் நம்பாதீங்கோ. கொரோனா நேரம் நல்லா ஓடிச்சு, பிறகு சாமான் குறைஞ்சு 2023ல ஃபெடெக்ஸ் தன்ர பைலட்மாருக்கே ஆள் கூடிப்போச்சு, விருப்பமெண்டா பிஎஸ்ஏ எண்ட ரீஜனல் கொம்பனியில போய்ப் பறவுங்கோ எண்டு சொன்னது. உலகத்திலயே பெரிய கார்கோ கொம்பனி!

என்ட யோசனை, எங்கட பாஸ்போட்டுக்குக் கொஞ்சமாவது திறந்து கிடக்கிற கதவு வளைகுடாதான். எமிரேட்ஸ், கட்டார் ரெண்டுட்டயும் 777 ஃபிரைட்டர் (சரக்கு விமானம்) இருக்கு, அதுக்குத் தனி ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுற தகுதி) இல்ல, பயணிகள் 777க்கு எடுக்கிற அதே ரேட்டிங்தான். எமிரேட்ஸ்ல ஒரே பைலட் ஒருக்கா ஆக்கள ஏத்திக்கொண்டு போவான், அடுத்த ட்ரிப்ல குதிரையும் கார் பார்ட்ஸும். ஆனா அங்கயும் இருநூறு மணித்தியாலத்தோட போய் நிக்க ஏலாது.

பம்பலப்பிட்டி நானா:
காகம் சென்னது சரி. மச்சான், பெரிய இடத்துக்கு ஆசப்படுறது நல்லம், ஆனா மொத ஆயிரம் மணித்தியாலத்த எங்க எடுக்கப் போற? அத சென்னா மத்தத கதைக்கலாம். நானெண்டா ரத்மலானைலயே இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்து படிப்பிச்சுக்கிட்டே மணித்தியாலம் சேப்பேன், அதோட ஸ்ரீலங்கன், பிட்ஸ்எயார் எப்ப ஆள் எடுக்கிற எண்டு பாத்துக்கிட்டு இருப்பேன். பிட்ஸ்எயார் பழைய எக்ஸ்போ எயார்தான், கார்கோவும் ஓட்டின கொம்பனி. நம்மட ஊர்ல இருந்து போற கார்மெண்ட்ஸ், மீன், மரக்கறி நிறைய பயணிகள் விமானத்துக்குக் கீழ இருக்கிற சரக்கு அறை, அந்த பெல்லிலதான் போகுது, அதனால இங்கயே ஃபிரைட்டர் சீட் தேடினா கைவிரல்ல எண்ணலாம்.

இன்னொண்டு. 'கார்கோ கொம்பனியில சீட் இரிக்கு, டைப் ரேட்டிங்குக்கும் லைன் ட்ரெய்னிங்குக்கும் (உண்மையான ட்ரிப்ல பறந்து பழகிறது) காசு கட்டு' எண்டு ஏஜண்ட்மார் வருவாங்க. என்னோட படிச்ச ஒருத்தன் கட்டினான், ரேட்டிங் கிடச்ச, வேல கிடக்கல்ல, இப்ப அந்த ரேட்டிங்கும் எக்ஸ்பயர். வேல குடுக்கிற கொம்பனியே கடிதம் தராம ஒரு சதம் கட்ட வாணாம்.

ரேவதி கொட்டாஞ்சேனை:
என்ர அவர் பஹ்ரேன்ல இருந்து 767 ஃபிரைட்டர் பறக்கிறவர், அதால வீட்டுப் பக்கத்துக் கதையைச் சொல்லுறன். இது இரவு வேலை தம்பி. பகல் முழுக்க பெட்டி சேத்து, இரவு ஹப்புக்கு (சரக்கு சேர்ற மைய எயார்போர்ட்) கொண்டு வந்து பிரிச்சு, விடிய முதல் திரும்ப அனுப்புறதுதான் இந்த பிசினஸே. பகல் பத்து மணிக்கு ஹோட்டல் ரூமில நித்திரை கொள்ளோணும், கர்ட்டன் நடுவால வெளிச்சம் வராம இருக்க காற்சட்டை கொழுவுற ஹேங்கர் கிளிப்பால இறுக்கிப் பிடிச்சிட்டுப் படுப்பாராம். லீவில வந்தாலும் ரெண்டு நாள் பிள்ளையளோட நேரம் ஒத்துவராது. அமெரிக்காவில 2014ல வந்த புது ஓய்வுச் சட்டத்தில கூட கார்கோ பைலட்மார சேக்காமத்தான் விட்டவங்கள்.

இன்டர்வியூவுக்குப் போனா டேஞ்சரஸ் குட்ஸ் (ஆபத்தான சரக்கு) விதியள வடிவாப் படிச்சிட்டுப் போங்கோ. 2010ல டுபாயில யூபிஎஸ் 747 ஒண்டு விழுந்தது, லித்தியம் பற்றரி இருந்த சரக்கில நெருப்பு, ரெண்டு பைலட்டும் இல்லாமப் போயிட்டினம். ஃபிரைட்டர்ல மேல் டெக்கில பெரும்பாலும் நெருப்பணைக்கிற காஸ் இல்ல, காத்தோட்டத்த வெட்டி, பிரஷர இறக்கி, மாஸ்க்க போட்டுக்கொண்டு கிட்ட இருக்கிற எயார்போர்ட்டுக்கு ஓடுறதுதான். அதனால பறக்க முதல் கப்டன் கையெழுத்து வைக்கிற அந்த நோடொக் பேப்பர (என்ன ஆபத்தான சரக்கு ஏத்தியிருக்கு எண்டு கப்டனுக்கு அறிவிக்கிறது) அவர் வரிவரியாப் பாப்பார்.

தெகிவளைப் பொடியன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணாமார். இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் விசயம் நாளைக்கே கேக்கிறன். கார்கோலக்ஸ் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே, 747 எண்டா எனக்கு உயிர்.

வளைகுடாக் காகம்:
747 எல்லாருக்கும் உயிர்தான் 😀 லக்சம்பர்க் கொம்பனி, அதால ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாட லைசன்ஸ் வேணும், தியரி மட்டும் 13 பேப்பர், அங்க இருந்து வேலை செய்யிற உரிமையும் வேணும். சித்தப்பா மாமா ஆரும் பிரான்ஸ், ஜெர்மனியில இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது, உங்கட பேரில பேப்பர் இருக்கோணும். இப்போதைக்கு ஐசிஏஓ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) இங்கிலீஷ் சோதனையில என்ன லெவல்? 4 எண்டா மூண்டு வருசத்துக்கு ஒருக்கா திருப்பிச் செய்யோணும், 6 எடுத்தா அந்தத் தொல்லையே இல்ல. அதையும் நாளைக்கே விசாரியுங்கோ.