காரைக்குடி ஸ்டேஷன் வாசலில் கரி இன்ஜின்: மனுவுக்குக் கையெழுத்து வேண்டும்

கானாடுகாத்தான் பேரன்:
காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930-இல். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையும் வந்தாயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்த கதையை அப்பத்தா சொன்னால், என் பிள்ளைகள் ராஜா கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி ஒய்.பி. என்கிற பழைய மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின் ஒன்றை நிறுத்தச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

பொன்மலை ஃபிட்டர்:
நான் போட மாட்டேன் தம்பி. மேடையில் ஏற்றிய இன்ஜின் வெளியே பெயின்ட்டோடு பளபளவென்று நிற்கும், உள்ளே செத்துக்கொண்டிருக்கும். புகைபோக்கி வழியாக மழை இறங்கி, அதற்குக் கீழே புகை சேரும் ஸ்மோக்பாக்ஸில் கிடக்கிற பழைய சாம்பலோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். பாய்லரைப் போர்த்திய மேல்தகட்டுக்கு அடியில் தண்ணீர் தங்கினால், துருப்பிடிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. பித்தளைச் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு நடந்தே போய்விடும். இன்ஜின் என்றால் ஓட வேண்டும். 1855-இல் இங்கிலாந்தில் செய்த ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21 இன்ஜினைப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் சரிசெய்து 2010-இல் ஓட்டிக் காட்டவில்லையா?

தேவகோட்டை ரஸ்தா:
ஐயா, அது அகலப்பாதை இன்ஜின். ஒய்.பி.க்கு ஒரு மீட்டர் தண்டவாளம் வேண்டும், நம்ம பக்கம் அதற்கு எங்கே போவது? அப்படியே ஓட்டினாலும் இன்றைக்கு பாய்லர் டியூப், நாளைக்குக் கரி எரியும் ஃபயர்பாக்ஸ் என்று மாற்றிக்கொண்டே போய், கடைசியில் பழசு என்று நம்பர் பிளேட்தான் மிஞ்சும். ஊட்டி ரயிலின் சுவிட்சர்லாந்து இன்ஜின்கள் தளர்ந்ததும் உங்கள் பொன்மலை ரயில்வே பட்டறையிலேயே 2011 முதல் புதிது செய்து அனுப்பினார்கள். அருமையான வேலை. ஆனால் அதைப் பழைய இன்ஜின் என்பீர்களா?

பொன்மலை ஃபிட்டர்:
ஊட்டிப் பாதையில் கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம், பல்சக்கரம் கடித்துத்தான் ஏறணும். அந்த மலையில் இன்றும் நீராவி ஓடுவதால்தான் பாய்லர் வேலை தெரிந்த ஆள் இன்னும் பொன்மலையில் இருக்கிறான். முற்றத்தில் ஓடு உடைந்தால் மாற்றுகிறீர்கள், ஆத்தங்குடிக் கல் தேய்ந்தால் புதுசு பதிக்கிறீர்கள். அதனால் அது உங்கள் ஐயா கட்டிய வீடு இல்லையென்று ஆகிவிடுமா?

கானாடுகாத்தான் பேரன்:
வீட்டுப் பேச்சை எடுத்தது நீங்கள், நானும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு பங்காளிக் குடும்பம். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி, மற்ற நாளெல்லாம் வௌவால் குடித்தனம். ஆனாலும் நிற்கிறது. பங்கு பிரிக்க முடியாமல் விற்ற வீடுகளின் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் வரிசையாகச் சாத்திக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினுக்கும் அதே கதிதான், வெட்டி உருக்கிவிடுவார்கள். நீங்கள் சொன்ன இ.ஐ.ஆர். 21-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1909-இல் ஓய்வு கொடுத்த பிறகு நூறு வருஷம் சும்மாதானே நின்றது? நின்றதால்தான் பெரம்பூர்க்காரர்களுக்குச் சரிசெய்யக் கிடைத்தது.

தேவகோட்டை ரஸ்தா:
ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? 😄

பொன்மலை ஃபிட்டர்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டவெளியில் நிறுத்துவதாக இருந்தால் என் கையெழுத்து கிடையாது. மேலே கூரை வேண்டும், பக்கம் திறந்திருக்கலாம். புகைபோக்கிக்கு மூடி. சாம்பலைச் சுத்தமாக வழித்தெடுத்து, ராடுக்கெல்லாம் கிரீஸ் தடவணும். பாய்லர் போர்வைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதை முறையாக எடுக்காமல் பிள்ளைகளை ஏற்றிப் படம் பிடிக்காதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
கூரைக்கு யார் காசு? அதைச் சொல்லாமல் மனு கொடுத்தால் ஃபைலோடு போய்விடும்.

கானாடுகாத்தான் பேரன்:
கூரைச் செலவுக்கு நகரத்தார் சங்கங்களில் கேட்டுப் பார்க்கிறேன், பழனிக்குப் போகிற தைப்பூச நடைக்கு முன்னால் பேசினால் பிடி கொடுப்பார்கள். ஐயா, புகைபோக்கி மூடிக்கு அளவு என்ன போடுவது?

பொன்மலை ஃபிட்டர்:
முதலில் இன்ஜின் வரட்டும் தம்பி. டேப்போடு நானே வருகிறேன்.