தோழியின் அம்மா தவறிவிட்டார், பதினாறு முடிந்த பிறகு நாங்கள் என்ன செய்வது?

தாமிரபரணிக்காரி:
கல்லூரியிலிருந்தே கூட இருக்கும் தோழி. அவள் அம்மா, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி டீச்சர், போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் வெள்ளிக்கிழமையானால் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி அவர் கையால் சொதி சாப்பிட்ட கூட்டம் நாங்கள், அதனால் எங்களுக்கும் இழப்புதான். கேதத்துக்குப் போனோம், பதினாறாம் நாள் காரியத்துக்கும் லீவு போட்டுப் போய் வந்தாயிற்று. இப்போது அவள் சென்னையில் வேலைக்குத் திரும்பிவிட்டாள், அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" மட்டும் வருகிறது. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லி வைத்திருக்கிறோம், ஒன்றும் கேட்பதில்லை. அம்மா பேச்சை எடுக்கலாமா, அழுதுவிடுவாளோ?

கோடைமழை:
முதலில் அந்த "வேணும்னா சொல்லு"வை விடுங்கள். என் அப்பா போனபோது அதைச் சொல்லாத ஆளே இல்லை, நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, என்ன வேண்டும் என்று எனக்கே தெரிந்தால்தானே கேட்க! ஒரு நண்பன் மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து "கிளம்பு, இ-சேவைக்குப் போறோம்" என்று வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வைத்தான். ஒவ்வொரு கவுன்டரிலும் "இறந்த தேதி?" என்று கேட்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

இறப்பைப் பதிந்துவிட்டார்களா என்று கேளுங்கள். 21 நாளுக்குள் என்பது விதி, தாண்டினால் தாமதக் கட்டணம், ரொம்ப இழுத்தால் அலைச்சல். ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் என்றால் குடும்பம்தான் சொல்ல வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரிலும் பென்ஷன் புத்தகத்திலும் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் பாடாய்ப்படுத்தும். டீச்சர் என்றால் அப்பாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, கருவூலத்தில் மனு கொடுக்க வேண்டும். இறந்த பிறகு அம்மா கணக்கில் பென்ஷன் விழுந்தால் ஏடிஎம்மில் எடுத்துவிடாதீர்கள், திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அம்மாவின் சிம்மையும் இப்போதைக்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள், பாதி ஓடிபி அதற்குத்தான் வரும்.

வல்லநாட்டுப் பெரியம்மா:
பேச்செடும்மா, தாராளமாக எடு. அழுதால் அழட்டுமே, அவள் ஒன்றும் மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லையே, நீ ஞாபகப்படுத்துவதற்கு. அந்தச் சொதிக் கதையைச் சொல். அவளுக்குத் தெரியாத அம்மா உங்களிடம் கொஞ்சம் இருப்பார், டீச்சர் உங்களைத் திட்டியது, ரகசியமாகக் காசு கொடுத்தது என்று. ஆனால் "கொடுத்து வைத்தவங்க, படுக்கையில் கிடக்காம போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. எங்கள் தலைமுறை அதைத்தான் சொல்லும், என்னிடமும் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அப்புறம் தீபாவளி வருகிறது. தலைவருஷம், அந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். நீங்கள் யாராவது சுட்டு எடுத்துக்கொண்டு போய் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஒற்றைப்பனை:
எல்லாம் சரி, ஆனால் நாலு பேரும் சேர்ந்து அவளைச் சுற்றிக் காவல் நிற்காதீர்கள். நான் தனியாக இருக்க நினைத்தபோது நண்பர்கள் முறை வைத்து வந்தார்கள், அவர்களுக்குக் காபி போட்டே ஓய்ந்துபோனேன். "பதில் போட வேண்டாம், சும்மா அனுப்பினேன்" என்று ஒரு வரி சேர்த்து மெசேஜ் அனுப்புங்கள். "ம்" வந்தாலும் அடுத்த வாரம் மறுபடி அனுப்புங்கள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, வேலைக்கே போகவில்லை என்று ஆனால் அது வேறு. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தாமிரபரணிக்காரி:
நன்றி எல்லோருக்கும். சொதிக் கதையை நேற்று இரவு அனுப்பினேன். "அதுல இஞ்சிச் சாறு யாரு பிழிஞ்சதுன்னு நெனக்கிற, நாந்தான்" என்று பதில் வந்தது, அப்புறம் ஒரு மணி நேரம் போனில் பேசினாள், அழுதாள், சிரித்தாள். கருவூலத்துக்கு அப்பாவோடு வரும் திங்கட்கிழமை நான் போகிறேன். கல்யாணப் பதிவு இல்லாத பழைய ஆட்கள், அதற்கு என்ன காட்டுவது?

கோடைமழை:
பென்ஷன் புத்தகத்தில் கணவர் பெயரும் சேர்ந்து எடுத்த போட்டோவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். வாரிசுச் சான்றிதழையும் கையோடு கொண்டு போங்கள், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.