புதுப்பிப்பு: பெருத்துப்போன துளையும் நீலம் பாய்ந்த முனையும்

வீட்டுப் பட்டறையில் சாணை பிடித்த 10 மி.மீ. டிரில் பிட், துளையை 10.3 மி.மீ. ஆக்கிவிடுகிறது, சாணை பிடிக்கும்போதே முனையும் சூடேறி நீலம் பாய்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பிட் மட்டமான சரக்கு என்று அப்போது நான் சொன்னது தவறு.

கோவை கணபதியில் நெடுங்காலம் லேத் ஓட்டிய பெரியவர் ஒருவர், பிட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் நீளமாப் போச்சுங்க தம்பி” என்றார். வெட்டும் விளிம்புகள் இரண்டும் அச்சிலிருந்து 59 பாகை வீதம் சரிந்து, நீளத்திலும் ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் முனை மையம் விலகி, நீண்ட விளிம்பே துளையின் அளவைத் தீர்மானிக்கிறது. இப்போது இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்து, நடுவில் விழும் 120 பாகைப் பள்ளத்தில் முனையைப் பொருத்திப் பார்க்கிறேன். இரு பக்கமும் சேர்ந்து 118 பாகையாகும் முனைக்கு இது போதுமானது. காசு செலவில்லாத அளவுகோல்!

நீலத்துக்குக் காரணம் சாணைக் கல்தான். அதில் நான் முன்பு அலுமினியம் தேய்த்திருந்ததால் துகள்களின் இடுக்குகள் அடைத்து, கல் வெட்டாமல் வெறுமனே உரசியிருக்கிறது. வைர டிரெஸ்ஸரால் (கல்லைச் சீவிப் புதுப்பிக்கும் வைர முனைக் கருவி) கல்லின் முகத்தைச் சீவிய பின் சூடு வெகுவாகக் குறைந்தது. பிட்டின் எச்எஸ்எஸ் எஃகு (அதிவேக வெட்டுக்கான எஃகு) ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை கடினம் தாங்குமாதலால் அந்த பிட் வீணாகவில்லை. கார்பன் எஃகு உளியாயிருந்தால் முனை மென்மையாகியிருக்கும்.

நேற்று வார்ப்பிரும்பு பம்ப் மூடியில் போட்ட துளை 10.05 மி.மீ. வந்தது. கார்பைடு என்ற மிகக் கடினமான வெட்டுமுனையைத் தீட்டுவதற்கான பச்சைச் சாணைக் கல் இன்னும் வாங்கவில்லை.