செயற்குழுக் கூட்டத்தை ஜூம்ல நடத்துறவங்க இருக்கீங்களா?

வைகைக்கரை:
வணக்கம். எங்க ஊர் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். பதிவு பண்ணின சங்கம். செயற்குழுவில் ஒன்பது பேர். தலைவர் ஊர்லயே, பொருளாளர் துபாய், ரெண்டு பேர் சிங்கப்பூர், மீதிப் பேர் சென்னை, கோவை. ஞாயிறு ராத்திரி எட்டரைக்குக் கூடினா சிங்கப்பூர்ல மணி பதினொண்ணு. "கேக்குதா, கேக்குதா"ன்னே பாதி நேரம் போயிடும். கழிப்பறை கட்ட யாரோட கொட்டேஷனை எடுக்கிறதுன்னு பேச்சு சூடாகும்போது இலவச ஜூமோட நாற்பது நிமிஷம் முடிஞ்சிடும். எழுதின முடிவை மறுநாள் வாட்ஸ்அப்ல "நான் ஒத்துக்கவே இல்லையே"ங்கிறாங்க. என்ன செய்யலாம்?

பேரேடு:
தம்பி, நான் ஒரு செக்‌ஷன் 8 கம்பெனிக்கு, அதாவது லாப நோக்கமில்லாத கம்பெனிக்கு, மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதுறவ. உங்களுக்கு 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம், எங்களுக்கு 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். அதனால ஆன்லைன் கூட்டத்துக்கு உங்க துணைவிதியில் இடமிருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா பொதுக்குழுவில் வெச்சுத் திருத்திடுங்க.

ஆனா எங்க 2014 விதிகள்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு, யாரும் எடுத்துக்கலாம். தொடங்கினதும் தலைவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருத்தரும் பேர், எங்கிருந்து பேசுறோம், காகிதங்கள் வந்து சேர்ந்துச்சா, பக்கத்துல வேற யாரும் இல்லையேன்னு சொல்லணும். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான அளவு ஆள் (கோரம்) இருக்காங்களான்னும் அங்கயே தெரிஞ்சிடும். யாராவது மறுத்தா, திரும்பப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருத்தர் ஓட்டையும் குறிக்கணும். கடைசியில முடிவுகளையும், மறுத்தவங்க பேரையும் வாசிக்கணும். "எல்லாருக்கும் சம்மதம்தானே?"ன்னு பொதுவா கேட்டா மியூட்ல இருக்கறவர் மௌனம் எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? உங்க வாட்ஸ்அப் சண்டைக்குக் காரணமே அதுதான்.

கொட்டேஷன், வரவு செலவு எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே போயிடணும். கூட்டத்துல வாசிச்சுக் காட்டாதீங்க. தீர்மான வாசகத்தையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்க, "இன்னாருக்கு, இவ்வளவு ரூபாய், இந்தத் தேதிக்குள்ள"ன்னு. அப்புறம் நாற்பது நிமிஷமே தாராளம்.

கூழாங்கல்:
காலை பத்து மணிக்கு வைங்க சார். துபாய்ல எட்டரை, சிங்கப்பூர்ல பன்னிரண்டரை. 2022-லேர்ந்து துபாய்லயும் சனி, ஞாயிறுதான் லீவு. சிங்கப்பூர்க்காரர் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுவார், பசி நல்ல தலைவர் :)

வைகைக்கரை:
நன்றி அக்கா, நன்றி சார். இன்னொண்ணு. பேங்க்ல செக் கையெழுத்து மாத்தணும். ஜூம்ல போட்ட தீர்மானத்தை ஏத்துக்குவாங்களா?

பேரேடு:
பேங்க் பொதுவா கேக்குறது தீர்மானத்தோட உண்மை நகல், தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையோட. கிளைக்குக் கிளை மாறும், அவங்க படிவத்தை முதல்லயே வாங்கிடுங்க. அந்தத் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்துல ஏறியிருக்கணும். துபாய்க்காரர்தான் புதுக் கையெழுத்துன்னா, கேஒய்சிக்கு அவர் நேர்ல வரணுமான்னு அப்பவே கேட்டுக்குங்க, அவர் லீவுக்கு வர்ற சமயம் பார்த்து வெச்சுக்கலாம்.